மாமியும் மதகுப் பலகையும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் வீடு மாறுவது மாப்பிள்ளைதான். எழுபதுகளின் கடைசியில், மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, நானும் அப்படித்தான் ஒரு சைக்கிளும் நாலைந்து கைத்தறிச் சாரனுமாக மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த அன்றே எனக்கு ஒரு வேலை தந்தார்கள். தின்கிற வேலை. காலையில் புட்டும் முட்டையும், பத்து மணிக்கு வட்டிலப்பம், பகலுக்குக் கோழி ஆணம். கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் அள்ளப் போனால்கூட மனைவி ஓடிவந்து கயிற்றைப் பறித்துக்கொள்வாள்.

"புது மாப்பிள்ளை வாளி தூக்கினா ஊரு சிரிக்கும். உம்மா என்னத்தான் கொல்லுவா!"

அந்த உம்மாவை, அதாவது என் மாமியை, நான் கண்ணால் கண்டதில்லை. புது மருமகன் முன்னால் மாமி வரக்கூடாது. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை, வழக்கம் சொல்லியது. அடுப்பெரியும் குசினி வாசலில் பூப்போட்ட திரை ஒன்று. திரைக்குப் பின்னால் ஒரு குரல், திரைக்குக் கீழே இரண்டு கால்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மாமி. என்னோடு நேராகக் கதைக்கவும் மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கோழிகளிடம் சொல்லுவார்.

"ஆணம் ஆறுது. தின்ன வராம றேடியோவக் கேட்டுக்கிட்டிருந்தா என்ன செய்யிற?" என்று கோழியைக் கேட்பார்.

நான் சும்மா இருப்பேனா? "செய்தி முடியட்டும் எண்டு சொல்லு கோழி" என்பேன். திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்கும்.

வளவுக்குப் பின்னால் ஒரு சிறு குளம் இருந்தது. தெருவில் விழும் மழைத் தண்ணீர் வீடுகளுக்குள் புகாமல் இருக்க ஊரார் சேர்ந்து வெட்டியது. வெட்டிய மண்ணையே கடற்கரைப் பக்கம் அணையாகப் போட்டு, நடுவில் ஒரு மதகு வைத்து, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளைச் செருகியிருந்தார்கள். குளம் ஏற ஏற மேல் பலகையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். தண்ணீர் ஓடையில் விழுந்து கடலுக்குப் போய்விடும். ஒரேயடியாக எல்லாவற்றையும் தூக்கினால் கீழ்த்தெரு மிதக்கும், தூக்காமல் விட்டால் நாங்கள் மிதப்போம். கரையிலிருந்த வீடுகள் முறை வைத்து அதைப் பார்த்துக்கொண்டன. அந்த மாதம் எங்கள் வீட்டு முறை.

குளத்தை ஒட்டித்தான் மனைவியின் தங்கைக்குச் சீதன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. களிமண் சாந்தில் கட்டிய சுவர். பூசவில்லை, கூரையும் போடவில்லை. எங்கள் ஊரில் வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடையாது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும், வீடு முடியாவிட்டால் வேறிடம் பார்ப்போம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாமி காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றிக் கொடுத்துக் கட்டிய சுவர் அது. அது விழுந்தால் கல்யாணமும் விழும்.

மழை பிடித்தது. வரம்பு உடைந்துவிடும் என்று மாமா வயலுக்கு ஓடினார். போகும்போது மதகைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போனார், மாமியிடம். மாமி அதைக் கோழிகளிடம் சொன்னார்.

"பலகை தூக்கத்தான் வேணும். அதுக்காகப் புது மாப்பிள்ளைய மழையில இறக்கேலுமா? ஊரு காறித் துப்பும்."

நான் எழும்பிச் சாரனை மடித்துக் கட்டினேன்.

"அவர இருக்கச் சொல்லு!" என்று திரை அலறியது.

இருந்தேன். அவர் என்னை மதித்தார், நான் அவரை மதித்தேன், அந்த மரியாதையிலேயே குளம் நிரம்பிவிட்டது.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவி நனைந்துகொண்டு ஓடிவந்தாள். "தங்கச்சிட வீட்டுச் சுவருல தண்ணி தட்டுது!"

அதற்குமேல் கோழியாவது திரையாவது! கொழுக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அணைக்கு ஓடினேன். மேல் பலகை தண்ணீரில் ஊறி உப்பி இறுகிக் கிடந்தது. ஒரு பக்கத்தைக் கிளப்பினால் மறுபக்கம் இறுகியது. இரண்டு பேர் பிடிக்காமல் நடக்காது. கூப்பிடலாம் என்றால் தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை, எல்லாரும் வயலில்.

பின்னால் சளக் சளக் என்று சத்தம். திரும்பினால், முக்காட்டை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு, கையில் நெம்புகிற அலவாங்கோடு மாமி! என்னைப் பார்க்கவில்லை. நேராகக் குளத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மத்தப் பக்கத்த நான் பிடிக்கிறன். ஒண்டாத் தூக்கினாத்தான் வரும்."

"சரியெண்டு சொல்லு குளமே" என்றேன். வாய் சும்மா கிடக்காதே, என்ன செய்ய?

"இந்த நேரத்திலயும் பகிடி!" என்றார் குளத்திடம்.

கிளப்பினோம். அசையவில்லை. மறுபடியும் கிளப்பினோம். பலகை ஒரு சாண் எழும்பியதுதான் தாமதம், தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. என் கால் வழுக்கியது. கம்பி கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"விட்றாத மனே! இழு! இழுடா!"

மருமகனை 'டா' போட்டுக் கூப்பிட்ட மாமி எங்கள் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். இழுத்தேன். பலகை மேலே வந்தது, நாங்கள் இருவரும் சேற்றில் உட்கார்ந்தோம். வேலியோரம் நின்ற மனைவி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அடுத்த பலகை அவ்வளவு பாடுபடுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் குளம் கண்ணுக்குத் தெரிய இறங்கத் தொடங்கியது.

மாமி எழும்பிச் சீதன வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். சுவரின் அடி ஊறிக் கறுத்திருந்தது. ஒரு மூலையில் சாந்து கரைந்து கல் வெளியே தெரிந்தது. ஆனால் சுவர் நின்றது. மாமி இரண்டு கையாலும் அதைத் தடவினார். "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி, சுவரில் நெற்றியை வைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். முக்காடு எப்போதோ தோளில் விழுந்திருந்தது. என் மனைவியின் அதே மூக்கு, அதே கன்னக்குழி. நான் வைத்த கண் வாங்காமல் நின்றேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். மூடிக்கொள்ளவில்லை.

"என்ன மாப்பிள்ளை, மாமிய முன்னப் பின்னக் காணாதவரு மாதிரிப் பார்க்கீங்க?"

"ஓம் மாமி, இண்டைக்குத்தான் காணுறன்."

மாமி சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமலும் சிரித்தார்.