பட்டை காய்ச்ச ஒரு நெருப்புச் சீட்டு

நெருப்புக்கு அனுமதி எழுதிக் கொடுப்பதுதான் என் முதல் உத்தியோகம். இதைச் சொன்னால் இன்று என் பேரப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கடலோரத்தில் ஒரு சின்ன ஆபீஸ். ஓடு போட்ட ஒரே அறை, இரண்டு மேஜை, ஒரு பீரோ. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பக்கத்தில் எண்ணெய்க் கிடங்குகள் இருந்ததால், யுத்த காலத்திலேயே அந்தக் கரையில் வெட்டவெளியில் தீ மூட்டச் சீட்டு வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. யுத்தம் முடிந்தது, உத்தரவு முடியவில்லை. குப்பை கொளுத்தவா, சீட்டு. வேலி முள்ளை எரிக்கவா, சீட்டு. சீட்டு எழுதும் குமாஸ்தா நான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பெரம்பூரில் பிறந்து, ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குச் சத்தத்துக்கு எழுந்து படுத்து வளர்ந்தவன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்ற மிதப்பு தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. கோபமோ மூக்கு நுனியில். யாராவது எதிர்க் கேள்வி கேட்டால் அச்சடித்த விதித் தாளை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே ஆட்டுவேன்.

அந்தத் தாளை இன்றும் ஒப்பிப்பேன். குடிசைகளிலிருந்து தள்ளி மூட்ட வேண்டும். பக்கத்தில் தண்ணீர்க் குடங்களும் ஒரு குவியல் மணலும் இருக்க வேண்டும். தீ அணையும் வரை பெரியவர் ஒருவர் அந்த இடத்தை விட்டு அகலக் கூடாது. காற்று பலமாக இருந்தால் கூடாது. மூட்டும் நேரம், மாலை நாலு மணிக்கு மேல், ஆறு மணிக்குள். கடலுக்கு எட்டாத உள்நாட்டில் அறுவடை முடிந்து வயலில் நெல் தாளைக் கொளுத்துகிறவர்களை மனதில் வைத்து யாரோ எழுதிய விதி அது. அங்கே பொழுது சாயும்போது காற்று அடங்கும். எங்கள் கரைக்கும் அதே தாளை அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதுதான், தெரியாது.

எங்களிடம் சீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மீன்பிடிக் குப்பத்து ஜனங்கள். அந்த நாளில் நைலான் கிடையாது, எல்லாம் பருத்தி நூல் வலை. கடல் உப்பில் சீக்கிரம் இற்றுவிடும். அதனால் மரப்பட்டையை இடித்து அண்டாவில் கொதிக்கவிட்டு, அந்தத் துவர்ப்புச் சாற்றிலேயே வலையைப் பாதி பாதியாகப் போட்டு வேகவைத்து எடுத்துக் காய வைப்பார்கள். இதைப் பட்டை காய்ச்சுவது என்பார்கள். பட்டை காய்ச்சிய வலை செம்பழுப்பாக, முறுக்கேறி, இரண்டு பங்கு நாள் உழைக்கும்.

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, ஒரு அம்மாள் வந்து என் மேஜை முன்னால் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கடலோடு போய்விட்டார், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டுமரத்தில் போகிறார்கள், குடும்பத்துக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய வலை. பங்குனி பிறந்தால் நல்ல மீன்பாடு, அதற்குள் வலையைக் காய்ச்சியாக வேண்டும். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "காலீல ஏத்திக்கினு, பகலுக்குள்ள எறக்கிடறேன் நைனா. அப்டியே எழுதிக் குடு" என்றார்.

"காலையில் எல்லாம் கிடையாது. நாலு மணிக்கு மேலதான்."

"சாய்ந்தரம் வாணாம் நைனா. கடல் காத்து தூக்கிக்கினு வரும். குப்பம் அந்தாண்டதானே கீது? காலீல கரைக் காத்து. பொக, பொறி அல்லாம் கடலுக்குப் பூடும்."

இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரு குழந்தைக்குச் சொல்வது போல அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கடற்காற்று எனக்கும் தெரியாததல்ல. பெரம்பூரில் அது பிற்பகலுக்கு மேல் வந்து சேரும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்போம். அந்தச் சுகமான காற்று கடற்கரையில் நெருப்புத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு ஓலைக் கூரை தேடிப் போகும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. எனக்கு ஏறியதெல்லாம், மீன் விற்கும் பெண்பிள்ளை எனக்கு விதி சொல்லித் தருகிறாளே என்பதுதான்.

"சாயந்தரம்தான் காத்து அடங்கும். அச்சடிச்சுப் போட்டிருக்கு பாரு. படிச்சவங்க தெரியாமலா போடுவாங்க?" என்று தாளை ஆட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. சீட்டைக் கேட்டு வாங்கி, நாலாய் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். காலையில் திருட்டுத்தனமாக ஏற்றினால் அபராதம் என்று முதுகுக்குப் பின்னால் வேறு கத்தினேன்.

மறுநாள் சாயந்தரம், ஆறு மணி தாண்டி ஆபீசைப் பூட்டும் நேரத்தில், தெற்கே புகை தெரிந்தது. பட்டை காய்ச்சும் புகை வெளுப்பாக, மெல்லிசாக இருக்கும். இது கறுப்பு. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம், என் சீட்டாக இருக்கக் கூடாது, வேறு யாராவது சீட்டில்லாமல் மூட்டியதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். அப்படி வேண்டியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

என் சீட்டுதான். விதி சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் செய்திருந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர், மணல் குவியல், தள்ளி வெட்டிய அடுப்பு. விதி சொல்லாததையும் செய்திருந்தார்கள். கட்டுமரத்துப் பாயைக் கடல் தண்ணீரில் நனைத்து, அடுப்புக்கு நேரே இருந்த குடிசையின் கூரை மேல் விரித்திருந்தார்கள். அது அவர்களுடைய பழைய வழக்கம். காலைக் காற்றில் எப்போதாவது தப்பி வரும் ஒன்றிரண்டு பொறிக்கு அந்தப் பாய் போதும். கடற்காற்றுக்குப் போதவில்லை. பொறிகள் நனைந்த பாயைத் தாண்டிப் போய், பின்னால் இருந்த இரண்டு குடிசைகளில் விழுந்தன. அதில் ஒன்று அந்த அம்மாளுடையது.

ஆண்கள் அடுத்த குடிசைகளின் ஓலையைக் கொக்கி போட்டு இழுத்துக் கீழே தள்ளினார்கள். பெண்கள் மணலை முறத்தில் அள்ளி வீசினார்கள். நானும் அள்ளினேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் தெய்வத்துக்கு நன்றி. ஆனால் அண்டாவில் இறங்க முறை பார்த்துக் குடிசை ஓரம் குவித்திருந்த பாதி வலை சாம்பல். அண்டாவுக்குள் கொதித்துக்கொண்டிருந்த பாதிதான் பிழைத்தது. நெருப்பில் வெந்துகொண்டிருந்தது மிஞ்சி, பத்திரமாக வைத்தது போய்விட்டது.

நான்காம் நாள் மேலதிகாரி ஜீப்பில் விசாரணைக்கு வந்தார். குப்பத்து மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில், கொடுத்த சீட்டுகளின் நகல் இருக்கும் அடிக்கட்டைப் புத்தகத்தோடு நின்றேன். அவர் என் கையெழுத்தைப் பார்த்து, "உங்க பேரில் தப்பில்லை. நேரம் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். எனக்குள் ஏதோ ஒரு பாரம் சட்டென்று இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த அம்மாளைக் கூப்பிட்டார். சீட்டு குடிசையோடு எரிந்துவிட்டது. முந்தானை முடிச்சில் இருந்ததைப் பத்திரத்துக்காக எடுத்துப் பெட்டியில் வைத்தாராம்.

"காத்து அடிச்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சாமி."

"காத்து இருந்தால் மூட்டக் கூடாதுன்னு சீட்டில் போட்டிருக்கு. தெரிஞ்சும் ஏன் மூட்டினே?"

அவர்மேல் அபராதம் போடப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அபராதம் மட்டுமில்லை. இனி அந்தக் குப்பத்துக்கே சீட்டு இல்லை என்று ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார். பட்டை காய்ச்சாமல் எந்த வலை எத்தனை நாள் தாங்கும்? அந்த அம்மாள் என்னைக் காட்டிக் கொடுப்பார், அபராதத்துக்குப் பயந்துதான் சாயந்தரம் மூட்டினேன் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாங்க காலீலதான் ஏத்துவோம் சாமி. அந்தப் புள்ள, சாய்ந்தரம் காத்து அடங்கும்னு புஸ்தகத்தைப் பாத்து சொல்லிச்சு. படிச்ச புள்ள. காத்து அட்ச்சுக்கினே இருந்திச்சு. இப்ப அடங்கும், இப்ப அடங்கும்னு பாத்தேன். மணி பூடுதேன்னு ஏத்திட்டேன். அதுக்குத் தெரியாமலா சொல்லும்னு இருந்தேன்" என்றார்.

பயந்து அல்ல, என்னை நம்பி மூட்டியிருக்கிறார். முப்பது வருஷம் அதே கரையில், அதே காற்றில் நின்றவர், தன் கண்ணெதிரே அடித்த காற்றை நம்பாமல், மூக்கு நுனியில் கோபம் வைத்திருந்த ஒரு பொடியனை நம்பியிருக்கிறார்.

"சார், இவங்க காலையில் மூட்டத்தான் கேட்டாங்க. காத்து எப்படித் திரும்பும்னு எனக்கு விளக்கமாச் சொன்னாங்க. நான்தான் கேக்கல. மிரட்டியும் அனுப்பினேன்" என்றேன்.

அதிகாரி அடிக்கட்டைப் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். நல்ல மனிதர், ஆனால் ஆத்திரக்காரர். "இதை எழுதிக் கொடுப்பீரா?" என்றார். அங்கேயே, சைக்கிள் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தேன். அபராதம் இல்லை என்று ஆயிற்று. அந்தக் கரைக்கு மட்டும் காலை ஆறு முதல் பத்து என்று நேரத்தை மாற்றி உத்தரவும் வந்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்தது. அடுத்த உயர்வு தள்ளிப் போய், வீட்டில் அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதெல்லாம் அந்த வலைக்கு ஈடாகுமா என்றால், ஆகாது.

குப்பத்தில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வலையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். அந்த அம்மாளும் பிள்ளைகளும் உட்கார்ந்து, மிஞ்சிய பாதியோடு அவற்றை முடிந்து சேர்த்தார்கள். பல நிறத்தில், பல கண் அளவில் ஒரு விநோதமான வலை. அதைக் காய்ச்சவும் ஒரு சீட்டு எழுதினேன். எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல், சொன்ன நாளில் விடிந்ததும் நானே போய்விட்டேன். விறகு அடுக்கியாயிற்று, பாய் நனைத்து விரித்தாயிற்று, மணல் குவித்தாயிற்று. அந்த அம்மாள் பனையோலைப் பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மூட்டாமல் நின்றார். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"இப்ப ஏத்தலாமா நைனா?" என்றார்.

அவ்வளவு நடந்த பிறகும் என்னைத்தான் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னைக் கேக்காதீங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க."

அவர் முகத்தைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அடுப்புக்கும் கடலுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

"அப்டீன்னா மொதல்ல இந்தாண்ட வந்து நில்லு நைனா" என்றார். "பொக அல்லாம் ஒன் மூஞ்சிலதான் அடிக்கப் போவுது."