அஞ்சலை அக்காவின் சிவப்புக் கோடு

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். உப்பளத் தொழிலாளர்களின் கதையை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்து கருத்தரங்கில் போட்டுக்காட்ட வேண்டும் என்று மரக்காணம் போனேன். முப்பது வருடமாக உப்பு வாருகிற அஞ்சலை அக்கா, குவியல் ஓரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேட்டி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நிறம் பிரித்துக் காட்டும் மென்பொருளில் பதிவை ஏற்றினேன். அவர் குரல் சிவப்புக் கோடு, என் குரல் நீலம். திரை முழுக்க நீலம். நடுநடுவே கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள்.

மென்பொருள் ஆளை மாற்றிவிட்டது என்று எரிச்சலோடு பதிவைக் கேட்டேன். மாற்றவில்லை. பாத்தியில் உப்பு எப்படி விளைகிறது என்று அவருக்கே நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் புள்ளிகளெல்லாம் "அப்படிங்களா சார்".

மறுவாரம் மறுபடி போய், "போன தடவை பதிவு சரியா விழலக்கா. இன்னொரு வாட்டி பேசலாமா?" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"அதுக்கின்னா சார், நீங்க எத்தினி வாட்டி வேணாலும் நல்லா பேசுவீங்க" என்றார்.

காது சுட்டது. முதன்முதலாக இங்கே வேலைக்கு வந்த நாளைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் யோசித்தார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பல்லைக் கடித்தேன்.

"இன்னா சார், உடம்பு சரியில்லியா?" என்றார்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அங்கே தொடங்கிய சிவப்புக் கோடு பொழுது சாயும்வரை அறுபடவில்லை.

இப்போதும் வகுப்பில் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த நீலத் திரை கண்முன் வந்து நிற்கிறது. என்ன செய்ய, பேசிக்கொண்டேதான் அதைப் பார்க்கிறேன்.