செபஸ்தி அண்ணையின் இரண்டு எஞ்சின்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு நெடுந்தீவிலிருந்து செபஸ்தி அண்ணையின் மகள் யூடிற் அழைத்தாள். "ஐயா விடியப்புறம் மோசம் போயிட்டார், மாமா. பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கினம்" என்றாள். நான் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று எழும்பியிருந்தது. படகு விடவில்லை. நாலு மணியாகும்வரை துறையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். செபஸ்தியாம்பிள்ளை அண்ணையின் அடக்கத்துக்குப் போக முடியாத ஒருவன், அவரைத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அவருடைய பச்சை ஜீப்பைத் தெரிந்திருக்கும். கல்வேலிகளுக்கு நடுவே வேறு வாகனம் நுழையாத ஒழுங்கைகளிலும் அது போகும். பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்கள், காய்ச்சல்காரர், வலை, வைக்கோல் எல்லாம் அதில்தான். நோயாளி ஏறினால் முன் கதிரையில் இருப்பவர் இறங்கிப் பின்னுக்குப் போகவேண்டும். ஒருமுறை உத்தியோகத்தர் ஒருவர் இறங்கத் தயங்கினார். "நீங்கள் இருங்கோ ஐயா, நான் இறங்கிறன். நீங்களே ஓட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணை உண்மையாகவே இறங்கி நின்றார். அந்த உத்தியோகத்தர் பின்னுக்குப் போகும்வரை அவர் ஏறவில்லை.

சில வருடங்களுக்கு முன், அந்த ஜீப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதற்காக முதல்முறை அவரிடம் போனேன். பெற்றோல் எஞ்சின் களைத்து, எண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு யப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைப் போட அவர் தீர்மானித்திருந்தார். புளியங்கூடலில் கராஜ் வைத்திருக்கும் தவம் அதற்கு நல்ல எஞ்சின் ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தார். நான் என் கட்டுரையின் கடைசியில், எஞ்சினை மாற்றினால் அது பெயரளவில்தான் அந்த ஜீப் என்றும், பழையதைப் பிரித்துத் திருத்திக் காப்பாற்றவேண்டும் என்றும் எழுதினேன். அந்த அபிப்பிராயத்தை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

கட்டுரை வெளிநாட்டிலிருக்கும் நெடுந்தீவார் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டனிலிருந்து ஒருவர் பிஸ்டன்களை ஊருக்கு வருபவரின் பெட்டியில் கொடுத்துவிட்டார். கனடாவிலிருந்து பேரிங் வந்தது. தான் பிறக்கப் போனதும், தாய் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த எஞ்சினில்தான் என்று ஒருவர் கடிதமும் வைத்திருந்தார். அண்ணையால் மறுக்க முடியவில்லை. "நீர் வடிவா எழுதிப்போட்டீர். இனி நான் மாத்தினா அவையின்ர தாயைக் கழட்டி எறிஞ்ச மாதிரி எல்லே" என்றார்.

எஞ்சினைக் கழற்றி, படங்குச் சீலையால் சுற்றி, சரக்குப் படகில் ஏற்றினார். கடல் முழுக்க அதன்மேல் ஒரு கையை வைத்தபடி இருந்து வந்தார். தவம் அதைத் திறந்தபோது நானும் கராஜில் நின்றேன். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிஸ்டன் புதுசு போடலாம். சுத்திவர இருக்கிறது சவர்த்தண்ணி குடிச்ச இரும்பு. பேப்பர்க்காரருக்கு உது விளங்காது." நெடுந்தீவில் நல்ல தண்ணீர் குடிக்கவே போதாது. றேடியேற்றருக்கு எல்லோரும் உப்புக் கரிக்கும் கிணற்றுச் சவர்த் தண்ணீரைத்தான் விடுவார்கள். அது வருடக்கணக்காக உள்ளே ஓடி இரும்பை அரித்திருந்தது. தவம் சொன்னதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பத்திரிகையில் எழுதவில்லை.

திருத்திய எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. அதன்பிறகு அண்ணை அதற்குச் சவர்த் தண்ணீர் காட்டவேயில்லை. வீட்டுக் குடிதண்ணீரில் ஒரு பிளாஸ்ரிக் கான் நிறைய தினமும் அதற்குப் போகும். "எனக்குத் தேத்தண்ணிக்கு இல்லை, இவற்ர மூத்த பிள்ளைக்கு இருக்கு" என்பார் அவர் மனைவி ரீத்தா அக்கா. அண்ணை காதில் விழாததுபோல ஊற்றிக்கொண்டிருப்பார். பிந்தி வந்த அந்தக் கவனம், ஏற்கனவே அரித்துப்போன இரும்புக்கு உதவவில்லை.

இரண்டாம் வருடம், புரட்டாசி வெயிலில் ஒரு காலை, ரீத்தா அக்காவுக்கு நெஞ்சு நொந்தது. தீவு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எஞ்சின் கொதித்து, கஸ்கெட் வெடித்து, ஜீப் நின்றுவிட்டது. மகள் யூடிற் தாயை மடியில் சாய்த்துக்கொண்டிருக்க, அண்ணை வெறுங்காலுடன் ஓடிப்போய் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கூட்டிவந்தார். நாற்பது நிமிடம் போயிருந்தது. அன்றே படகில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் அக்கா இறந்தார். அந்த நாற்பது நிமிடம்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்ததும் அண்ணை தவத்தைக் கூப்பிட்டு டீசல் எஞ்சினைப் போடுவித்தார். நான் போனபோது என்னை ஏற்றிக்கொண்டு மேற்குவரை ஓட்டினார். சத்தம் கரடுமுரடாக இருந்தது. ஜீப் அன்று நின்ற இடம் எது என்று எனக்குத் தெரியாது. அவரும் காட்டவில்லை. என் எழுத்தால்தானே இது நடந்தது என்று கடைசியில் நானே கேட்டேன். அவர் பாதையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"நீர் எழுதினனீர். ஓம் எண்டது நான்" என்றார்.

கொஞ்ச தூரம் போனபிறகு, "இந்த எஞ்சினைப் பற்றியும் ஒருக்கா எழுதும். மற்றத் தீவுகளிலயும் ஆரும் யோசிச்சுக்கொண்டு இருப்பினம்" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. ரீத்தா அக்காவைச் சொல்லாமல் அதை எழுத முடியாது, சொன்னால் என்னையும் சொல்லவேண்டிவரும். அதன்பிறகு எத்தனையோ தடவை சந்தித்தோம். தேத்தண்ணி தந்து ஊர்ப் புதினம் சொல்வார். எழுதினீரா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு பெயர் பிழையாக அச்சானால் அடுத்த நாளே திருத்தம் போடுகிற தொழில் என்னுடையது. இந்தத் திருத்தத்தை வருடக்கணக்காக வைத்திருந்தேன். இப்போது போடுகிறேன். பழைய ஜீப் வைத்திருக்கும் தீவார் யாராவது அதில் நோயாளிகளை ஏற்றுவதானால், சவர் அரித்த எஞ்சினைத் திருத்தவேண்டாம். மாற்றிவிடுங்கள். ஜீப் அதே ஜீப்தான்.

இது செபஸ்தி அண்ணை எழுதச் சொன்னது. அவர் என்னிடம் விட்டுப்போனது இந்த ஒரு வேலைதான். வாசிக்க அவர் இல்லாத நாளில் அதை முடித்திருக்கிறேன்.