விளக்கைப் போட்டால் ஏறும் முள்

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, நான்கு நோயாளிகளைச் சாலையோரத்தில் காக்க வைத்த அந்த மாலைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்காரர்களை ஏற்றிப்போகும் வேன் என்னுடையது. மூன்று பேர் சித்தூரில் ஏறுவார்கள். பாகாலா கிராஸில் தையல்காரம்மா ஏறுவார். பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று முன் சீட்டை அவருக்கு விட்டுவிட்டோம். நாற்பது வயதுதான் இருக்கும். திரும்பும்போது அவருடைய மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதே கிராஸில் ஸ்கூட்டியோடு தனியாக நிற்பாள். இருட்டுவதற்குள் அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த அம்மாவின் கவலை.

ஒருமுறை சந்திரகிரி தாண்டி ஹோஸ் வெடித்து, இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. அன்று பட்ட பயத்தில், தண்ணீரின் சூட்டைக் காட்ட டேஷ்போர்டில் தனியாக ஒரு கேஜ் மாட்டச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டான். அன்றிலிருந்து பிடித்தது சனியன். காலையில் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகாது. டேஷ்போர்டில் இஞ்சின் கோளாறுக்கான மஞ்சள் விளக்கு எரியும். அந்தியில் திரும்பி வரும்போது கேஜின் முள் சிவப்பைத் தொடும். “சென்சார் போயிந்தி அண்ணா, வேற போடு” என்றான் எலக்ட்ரீஷியன். போட்டேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ரேடியேட்டரைக் கழுவினேன். முள் இறங்கவில்லை. அது ஏறும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுவேன். ரத்தம் சுத்தம் செய்துகொண்டு துவண்டு வருபவர்கள், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சித்தூரில் ஏறும் ரைஸ்மில்காரர் மட்டும், “ஆஸ்பத்திரில வண்டிக்கும் ஒரு பெட்டு கேட்டிருக்கலாம்பா, நம்ம கூடவே டயாலிசிஸ் போட்டுக்கினு வந்திருக்கும்” என்பார். அப்போதும் தையல்காரம்மா மகளுக்குப் போன் செய்து, “வெளிச்சம் இருக்கிற கடை பக்கமா நில்லுமா” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்படி ஒரு மாலையில்தான் அவர் கேஜின் பக்கம் விரலை நீட்டினார்.

“அண்ணா, ஒண்ணு சொல்லட்டுமா? லைட்டு போட்டாத்தான் முள்ளு ஏறுது. காலைல போம்போது ஏறல.”

“துணி தைக்கிறவ நீ. இஞ்சினப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?” என்றேன்.

“தெரியாதுண்ணா. பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினே வரேன், அதான் சொன்னேன்.”

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனிதர்கள் பேசுவதைப் பொறுக்கி மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. மற்றவர்கள் சொன்னதை ரசிக்க வைத்துக்கொள்வேன். இது ரசிக்க விடவில்லை, உள்ளே கிடந்து அறுத்தது. ஆனாலும் ரோஷம். ஏறக்குறைய ஒரு மாதம் அவர்களை அப்படியே சாலையோரத்தில் உட்கார வைத்தேன்.

கடைசியில் ஒருநாள், அவரைக் கிராஸில் இறக்கிவிட்டு வரும்போது முள் மறுபடி ஏறியது. பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தினேன். பின்னால் மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டை மட்டும் அணைத்தேன். முள் விழுந்தது. போட்டேன், ஏறியது. நாலைந்து தடவை அப்படியே செய்து பார்த்தேன். கொதிக்கும் தண்ணீர் எங்காவது கண் சிமிட்டும் நேரத்தில் ஆறுமா? இஞ்சின் சூடாகவே இல்லை.

மறுநாள் வேறு கடையில் பிரித்துப் பார்த்தார்கள். புதிய கேஜுக்குத் தனி சென்சார் வைக்காமல், வண்டியின் சென்சாருக்குப் போகும் ஒயரிலேயே ஒட்டுப் போட்டிருந்தான் அந்த எலக்ட்ரீஷியன். காலையில் ஸ்டார்ட் ஆகாததும் மஞ்சள் விளக்கும் அதனால்தான். கேஜின் எர்த் ஒயரையும் ஹெட்லைட்டின் எர்த்தோடு முறுக்கி விட்டிருந்தான். விளக்கு எரிந்தால் கேஜ் தடுமாறத்தானே செய்யும். தனி சென்சார், தனி எர்த் கொடுத்ததும் எல்லாம் சரியானது.

அடுத்த பயணத்தில் நால்வரிடமும், “புதுக் கடைக்காரன் கண்டுபிடிச்சான்” என்றேன். நாக்கு கூசாமல்தான் சொன்னேன். தையல்காரம்மா வெளியே பார்த்தபடி, “நல்ல வேலக்காரன்ணா” என்றார். அதன்பின் ஒன்பது மாதம், முழுக்க இருட்டுவதற்குள் மகளிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு தை மாதக் காலையில் கிராஸில் அவர் இல்லை. அம்மா போய்விட்டதாக மகள்தான் போன் செய்து சொன்னாள்.

மூன்று வருஷம் ஆகிறது. அன்றைய நால்வரில் ரைஸ்மில்காரர் ஒருவர்தான் இப்போதும் என் வேனில் வருகிறார். போன வாரம், வேறு யாரும் இல்லாத நேரத்தில், கோளாறைக் கண்டுபிடித்தது தையல்காரம்மாதான் என்ற உண்மையை அவரிடம் சொன்னேன். அவர் சொன்னார்:

“பங்குல லைட்டப் போட்டுப் போட்டு அணைச்சியே, நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். அடுத்த டிரிப்புலயே ஆஸ்பத்திரில அந்தம்மா கிட்ட சொல்லிட்டேன். அண்ணன நீங்க யாரும் கேக்காதீங்க, அவரே சொல்லட்டும்னிச்சி. இன்னும் சொல்லலியா, சொல்லலியான்னு நான்தான் கேட்டுக்கினு இருப்பேன். சொல்லுவாருன்னு சொல்லும் அந்தம்மா.”

ஒன்பது மாதம். வாரத்துக்கு மூன்று நாள், போகும்போதும் வரும்போதும், என் பக்கத்து சீட்டில்.