பிடுங்காத வயர்

பணிமனையில் எல்லோரும் அவரை நேரில் "அண்ணே" என்பார்கள். அவர் முதுகைத் திருப்பினால் "முள்ளு". இரண்டும் அவர் காதில் விழும். இரண்டாவதைத்தான் அவர் விரும்பினார்.

ஓடி முடித்து வரும் பஸ்களை வாங்கி, பணிமனை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவது அவர் வேலை. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் முன்வரிசையில் நிற்கும் பஸ்தான் காலையில் முதலில் வெளியே போக முடியும். அவரிடம் வாய் காட்டிய டிரைவரின் பஸ், ரிப்பேர் வண்டிக்குப் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். மறுநாள் அந்த டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தபடி டீ குடிப்பது அவருக்குத் தனி ருசி.

அந்த ருசியில் மண் விழுந்தது. மைதானத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டிகள் வரப்போகின்றன, அவை கம்பியில்லாமலே பஸ்களோடு பேசும், பஸ்கள் ஆளில்லாமல் தாமாக ஊர்ந்துபோய் இடம்பார்த்து நிற்கும் என்றார்கள். பெட்டி மாட்ட வந்த கம்பெனி ஆள் யாரென்று பார்த்தால், அவருடைய சொந்த மாப்பிள்ளை.

ஏற்கெனவே இருவருக்கும் ஏழாம் பொருத்தம். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். மனைவி வந்து குறைத்துவிட்டு ஒரு முறை முறைப்பாள். இப்போது சண்டை பணிமனை கேண்டீனுக்கே வந்துவிட்டது. டிரைவர்கள் காதுபட ஒருநாள் சொன்னார்:

"உங்க பெட்டியப் பிடுங்கி எறியல, என் பேர மாத்திக்கிறேன் மாப்பிள்ளை."

"தாராளமாப் பிடுங்குங்க மாமா. கை எட்டுச்சுன்னா."

டிரைவர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று அவர் மனதில் குறித்துக்கொண்டார். குறித்து என்ன பயன்? இனி அவர்களைப் பின்வரிசையில் தள்ள அவருக்கு வழியில்லை.

வெள்ளோட்ட நாளில் பெரிய அதிகாரிகள் வந்து நின்றார்கள். காலி இருக்கைகளோடு பஸ்கள் பேய் ஓட்டுவது போல ஊர்ந்தன. ஒன்று கழுவும் கொட்டகைக்குள் நுழைந்தது. அடுத்த நொடி மற்றவை எல்லாம் அப்படியே நின்றுவிட்டன, ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு. வெளியே தெருமுனை வரை பஸ்கள் தேங்கி ஹாரன் அடித்தன. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவரோ அன்று எதையும் தொடவில்லை. எதைத் தொட வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

மேனேஜர் அறையில் விசாரணை. கேண்டீனில் அவர் விட்ட சவாலை ஒரு டிரைவர் வரிக்கு வரி ஒப்பித்தான். மேனேஜர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"இவரா? விடுப்பா. இவருக்கு இதுல என்ன தெரியும்? பாவம், வெறும் வாய்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இத்தனை கால வேலையில் யாரும் அவரைப் பாவம் என்று சொன்னதில்லை.

"நான்தான் பண்ணினேன்" என்றார்.

"என்ன பண்ணீங்க?"

"வயரப் பிடுங்கினேன்."

ஒப்பித்த அந்த டிரைவரே வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, அது வயரே இல்லாத சமாசாரம்ணே" என்றான். அறை குலுங்கிச் சிரித்தது. அவர் செய்யாத குற்றத்தைக்கூட அவருக்குத் தர அங்கே ஆளில்லை.

மூலையில் மாப்பிள்ளை வியர்த்துப்போய் நின்றார். கோளாறு தன் பெட்டியில்தான் என்றால் அவர் வேலை அன்றோடு சரி.

"இல்ல சார்" என்றார் மாப்பிள்ளை, யார் முகத்தையும் பார்க்காமல். "பெட்டிக்குக் கரண்ட் போற வயர் ஒண்ணு இருக்கு. அதைத்தான் பிடுங்கியிருக்கார். நான்தான் திரும்ப மாட்டினேன்."

சிரிப்பு அறுந்தது. மேனேஜர் அப்போதுதான் மாமனாரை நிமிர்ந்து பார்த்தார். இனி பணிமனைக்குள் வரக்கூடாது என்று அன்றே அவருக்கு உத்தரவானது. வாசல்வரை டிரைவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவரும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்.

சில நாள் கழித்து மகள் புருஷனோடு வீட்டுக்கு வந்தாள். மனைவி தட்டுகளை ஓங்கி வைத்துப் பரிமாறினாள். ஒன்றும் தெரியாத மகள், கொட்டகைச் சுவரில் தாழ்வாக இருந்த பெட்டியைத் தன் புருஷன் கூரைக்கு மாற்றிவிட்டார், கழுவ வந்த பஸ் குறுக்கே நின்று சிக்னலை மறைத்ததால்தான் அன்று எல்லாம் நின்றதாம், இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதாம் என்று பெருமையாகச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் கை சோற்றில் நின்றது. மாமனார் எழுந்துபோய், கத்திக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார்.

"நல்லா உயரமா வைங்க மாப்பிள்ளை. அடுத்த தடவை பஸ் நின்னா, நான்தான் பிடுங்கினேன்னு சொல்றதுக்கு அங்க நான் இருக்க மாட்டேன்."