பூஜையில் இருந்த ஸ்பேனர்

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் செய்யக் கூடாதவை நிறைய. பாடப் புத்தகத்தைத் தொடக் கூடாது. பேப்பர் படிக்கக் கூடாது. ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருந்ததை நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அதையும் வாங்கிக் கவிழ்த்து வைத்தார். கத்தரிக்கோல், அரிவாள்மணை, ஸ்பேனர், அம்மா கரன்ட் அளக்கும் மல்டிமீட்டர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால், விஜயதசமி காலை வரை அவற்றுக்கு ஓய்வு. டெல்லியில் ஆபீசுக்கு அன்று விடுமுறை கிடையாது. அப்பா லீவு போட்டுவிட்டு வந்து இந்தச் சட்டங்களை அமல்படுத்துவார்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடம், அம்மா பூஜையன்றே வெளியூருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அம்மாவுக்கு டெலிபோன் இலாகாவில் வேலை. ஜபல்பூரில் ஆறு மாதப் பயிற்சி. முடித்தால் இன்ஜினியர் பதவி. நான் சின்னவள் என்று இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். இந்த முறை போகாவிட்டால் வாய்ப்பு அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். தசராக் கூட்டத்தில் வேறு எந்த வண்டியிலும் இடமில்லை. நவமியன்று பயணம் கிளம்பலாமா என்ற கேள்வியை அப்பா இரண்டு நாள் மனதில் வைத்திருந்துவிட்டு, கேட்காமலே விட்டுவிட்டார்.

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. காலையில் கற்பூரம் காட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு சரஸ்வதியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: அம்மா போகக் கூடாது. படிப்பைப் பற்றி அந்த வருடம் பேச்சே எடுக்கவில்லை.

மதியம் பெட்டியும் படுக்கையும் காரின் டிக்கியில் ஏறின. அப்பா சாவியைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு முறை. டக். சரஸ்வதி இத்தனை ஜல்தியாக வேலை செய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று ஆட்டோ, டாக்ஸி எல்லாம் ஸ்ட்ரைக். மெட்ரோ எங்கள் லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் வராத காலம். பஸ்ஸில் போனால் ரயில் போய்விடும். குவார்ட்டர்ஸில் வண்டிகள் மூக்கும் வாலும் உரச நிற்கும். எங்கள் காரை ஒடித்து ஒடித்து வெளியே எடுக்கலாம், ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்ய இடமில்லை.

கீழ் வீட்டுப் பஞ்சாபி அங்கிள் தோளில் துண்டோடு வந்து பானெட்டுக்குள் ஒரு கணம் பார்த்தார். "பேட்டரி கயீ, பாய் சாப். நயீ டல்வாலோ" என்று தீர்ப்புச் சொன்னார். பேட்டரி போய்விட்டதாம், புதிது போட வேண்டுமாம்.

"பேட்டரி புதுசு. இது வண்டியைக் கிளப்புற செல்ஃப் மோட்டார் கோளாறுதான்" என்று அப்பா தமிழில் எங்களிடம் சொல்லிவிட்டு, அதையே ஹிந்தியில் அவரிடமும் சொன்னார். இருவரும் சற்று நேரம் வாதாடினார்கள்.

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "ஏங்க, நீங்க உள்ள உக்காருங்க. முதல்ல ஹார்ன் அடிங்க." அடித்தது. "ஹெட்லைட் போடுங்க." எரிந்தது. "லைட்டை அணைக்காம சாவியைத் திருப்புங்க. பாப்பா, நீ லைட்டையே பாரு. என்ன ஆகுதுன்னு அப்படியே சொல்லு."

"பட்டுனு அணைஞ்சுபோச்சும்மா."

"மங்கலாயிட்டு அணைஞ்சுதா, பட்டுனா?"

"பட்டுனு. இப்ப திரும்ப வந்துருச்சு."

"அப்படின்னா பேட்டரி நல்லாத்தான் இருக்கு. அது இறங்கியிருந்தா மங்கும். செல்ஃப் மோட்டாரைச் சுத்துற அளவுக்குக் கரன்ட் போக முடியாம எங்கயோ கனெக்‌ஷன் லூஸு." பானெட்டுக்குள் குனிந்தாள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வயரைப் பிடிக்கும் க்ளாம்ப்மேல் அழகாகப் பொட்டு வைத்திருந்தது. ஒன்றை விரலால் பிடித்துத் திருப்பினாள். க்ளாம்ப் பொட்டோடு சுற்றியது.

"இதைக் கழட்டினீங்களா?"

அப்பா கதவைத் திறந்து மெல்ல இறங்கினார். "பூஜைக்குன்னு காலையில சுத்தம் பண்ணினேன். மாட்டி இறுக்கப் போறப்ப நீதான் ராகு காலம் வருது, எல்லாத்தையும் கொண்டாங்கன்னு கத்தினே. கையால இறுக்கிட்டு ஸ்பேனரைக் கொண்டாந்து வச்சுட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மோட்டாருக்கும் பொட்டு வச்சீங்களா, அதுவும் கழண்டிருக்கா?"

ஸ்பேனர் எங்கே கிடைக்கும்? பஞ்சாபி அங்கிளிடம் ஆலோசனை தவிர வேறு சாமான் எதுவும் கிடையாது. மேல் வீட்டிலும் எதிர் பிளாக்கிலும் சாமான் பெட்டி உண்டு, ஆனால் இரண்டும் தமிழர் வீடுகள். அவர்களுடைய ஸ்பேனர்களும் பொட்டு வைத்துக்கொண்டு பொரி கடலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாப் பக்கமும் அடைபட்டாயிற்று.

"தகரத்தைச் சின்னதா மடிச்சு க்ளாம்ப் இடுக்குல சொருகிப் பார்ப்போம். ஸ்டேஷன் வரைக்கும் தாங்கினா போதும்" என்றாள் அம்மா.

"வழியில நின்னுபோச்சுன்னா?" என்றார் அப்பா.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். நானும் பின்னால் ஓடினேன். படத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து, பூவை ஒதுக்கி, ஸ்பேனரை எடுத்தார்.

"அப்பா! சரஸ்வதிக்குக் கோபம் வரும்!"

"வந்தா என்மேல வரட்டும். வழி விடு."

இரண்டு க்ளாம்பையும் அவரே இறுக்கினார். அம்மா பானெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சாவியைத் திருகியதும் வண்டி உடனே உறுமியது; அங்கிள் கை தட்டினார். வழி நெடுக நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாமி அத்தனை அக்கறையாக நிறுத்தி வைத்த வண்டியை, பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் படிக்க விடாத அப்பாவே ஓட வைத்துவிட்டார் என்றால், அம்மா போவதில் அவருக்குச் சந்தோஷம் என்றுதானே அர்த்தம்? பிளாட்பாரத்தில் அம்மா என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ரயில் நகர்ந்ததும், "வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீடு திரும்பும்போது சாயங்காலம். அப்பா ஒடித்து ஒடித்து வண்டியைப் பழைய இடத்தில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை. எதிரே எங்கள் வீட்டு ஜன்னல் இருட்டாக இருந்தது. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் கோபத்தை மறந்து கேட்டேன். "ஏம்ப்பா ஆஃப் பண்ணல?"

"பேட்டரி சார்ஜ் ஆகட்டும், பாப்பா."

பேட்டரியில் ஒரு குறையும் இல்லை என்று அம்மா மதியமே சொல்லியிருந்தாள். ஆனாலும் நான் அவரை நம்பினேன். சார்ஜ் ஏறி முடியட்டும் என்று, இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.