வெண்டிலேட்டர் என்றொரு சொல்

வீடு கட்டியபோது அக்காவுக்கும் கொத்தனாருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு வந்தது. இரண்டு அறையிலும் ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர் வேண்டும் என்றாள் அக்கா. அவர் வேண்டாம் என்றார்.

"புறா வந்து அடையும். மழையில சாரல் அடிக்கும். ஜன்னலுதான் அம்புட்டுப் பெருசா வச்சிருக்கேன்ல?"

"ஜன்னல ராத்திரி சாத்திருவோம்ணே. ரெண்டு பொம்பளைக மட்டும் இருக்கிற வீடு. அதுக்கு மேல ஒண்ணு இருந்தாத்தான் மூச்சு விட முடியும்."

கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். சிமெண்ட் பலகைகளைச் சாய்வாக அடுக்கி, ஒரு முழ அகலத்தில் இரண்டு வைத்துக் கொடுத்தார்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இருவர்தான். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னிய சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தாள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் அவளை ஏற்ற கம்பெனி வேன் வரும். அது போனதும் சிவகாசி பஸ் பிடிக்க நான் நடப்பேன். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. யாராவது அதைக் கேட்டால், "எனக்கு அவ இருக்கா, அவளுக்கு நான் இருக்கேன்" என்று அக்கா பேச்சை முடித்துவிடுவாள்.

புது வீட்டில் நாங்கள் சேர்ந்து இருந்தது பதினான்கு மாதம். ஒரு தீபாவளி சீசன் முடிந்து, மழை பிடித்த நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாத்தூரில் ஊசி போட்டோம். இறங்கவில்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முதல் இரண்டு நாளும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் நாள் மதியம், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று ஆகிவிட்டது.

இளவயது டாக்டர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். "ஆக்ஸிஜன் மட்டும் போதலம்மா. வெண்டிலேட்டர்ல வைக்கணும். கையெழுத்துப் போடுங்க."

அக்கா படுத்திருந்த அறைக்கு ஒரு ஜன்னல்தான். அதையும் கொசுவுக்காக மூடி வைத்திருந்தார்கள்.

"ஆமா சார், இந்த ரூம்ல வெண்டிலேட்டரே இல்லை. இருக்கிற ரூமுக்கு மாத்திருங்க" என்றேன்.

"மாத்திரலாம். ஐ.சி.யூ.வுக்கு உடனே மாத்திரலாம்" என்றார் அவர். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அக்காவிடம் போய், "காத்தோட்டமா ஒரு ரூமுக்கு மாத்துறாகக்கா. அங்க போனா நல்லா மூச்சு விடலாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நீ... சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து என்னை உள்ளே விட்டார்கள். நான் முதலில் தேடியது சுவரின் மேற்புறத்தைத்தான். அங்கே ஒன்றும் இல்லை. அக்காவின் வாயில் ஒரு குழாய் செருகி, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி புஸ் புஸ் என்று இரைந்தது. அந்த இரைச்சலுக்கேற்ப அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. வெண்டிலேட்டர் எங்கே என்று நர்சிடம் கேட்டேன். அந்தப் பெண் பெட்டியைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. ஐ.சி.யூ.வில் நான்கு நாள் இருந்து, ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாள்.

வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அந்தச் சொல் தெரியாது. அப்போது எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. "வெண்டிலேட்டர்ல வச்சிருந்தாக" என்று நான் சொன்னதும், வயதான பெண் ஒருத்தி எங்கள் வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்து, "அங்கனயா? சீக்காளிய எதுக்குத்தா அங்கன தூக்கி வச்சாக?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மூச்சு விடவைக்கிற மெஷின் என்று விளக்கினேன். வந்த ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டியிருந்தது. பத்தாம் நாளுக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வேலைக்குத் திரும்பினேன். அந்த வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கான சொற்புத்தகம் ஒன்று ஆர்டர் வந்திருந்தது. வீட்டின் பாகங்கள் என்ற பக்கத்தில், வெண்டிலேட்டருக்கு எதிரே ‘காலதர்’ என்று இருந்தது. எழுத்துப்பிழையோ என்று நினைத்து அகராதியை எடுத்தேன். பிழையில்லை. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. ஆங்கில அகராதியைப் பார்த்தால், வெண்டிலேட்டரும் காற்றைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

விடாமல் தேடினேன். ஜன்னல் நம்முடைய சொல் இல்லை, போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பலகணி என்றால் பல கண் உள்ள ஜன்னல், இப்போது பால்கனியை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாளரம் என்று எழுதினால் கம்ப்யூட்டர் விண்டோஸா என்று கேட்கிறார்கள். எல்லாச் சொல்லும் எங்கிருந்தோ வந்து வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. இதையெல்லாம் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அக்கா இருந்திருந்தால் சோற்றைப் பிசைந்தபடியே, "அப்பிடியா?" என்று கேட்டிருப்பாள். அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்பது முக்கியமே இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டுபோய் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு வீடு தள்ளி இருந்த பெண் ஓடி வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் சோளக்காட்டுக்குப் போயிருந்த அவள் புருஷனை நல்லபாம்பு கடித்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள்.

"எக்கா, வெண்டிலேட்டர் வைக்கணும்னு சாத்தூர்லயே சொல்லிட்டாக. உங்களுக்குத்தான் அது தெரியும். கூட வாங்கக்கா."

எனக்குத் தெரிந்தது என்ன? இருந்தாலும் போனேன். அங்கே தாளை நீட்டியபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மூச்சுக்கு மெஷின் வைக்கப் போறாக. வச்சப்புறம் அவரால பேச முடியாது. சொல்ல வேண்டியத இப்பமே போய்ச் சொல்லிரு."

அவள் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் வாயில வரலக்கா" என்று அழுதாள்.

ஆறாம் நாள் அவருக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். செய்தி வந்தபோது சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலமே பொறாமையும் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவள் வீட்டு விளக்கு எரிவதைப் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு நாள் அந்த வழியாகப் போகவில்லை.

அடுத்த மாதம் அவர் என்னைப் பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"கண்ணத் தொறக்க முடியலக்கா. விரலக்கூட அசைக்க முடியல. செத்துட்டேன்னுதான் நெனச்சிருப்பாக. ஆனா எல்லாம் காதுல விழுந்துச்சு. வீட்டுக்காரி வந்து பேசினது, நர்சுக பேசினது, எல்லாம்."

"எல்லாமா?"

"ஆமாக்கா. அவ வராத நேரந்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அக்காவைப் பார்க்க என்னைக் காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம் விட்டார்கள். நான்கு நாளும் போனேன். போர்வையைச் சரி செய்தேன். காலைத் தொட்டுப் பார்த்தேன். கேட்காது என்று நினைத்து ஒரு சொல்லும் பேசாமல் நின்றுவிட்டு வந்தேன். பாம்புக்கடியும் சளிக்காய்ச்சலும் ஒன்றில்லை, அவளுக்குக் கொடுத்த மயக்க மருந்தில் எதுவும் கேட்டிருக்காது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். கேட்டிருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார்.

பழத்தோடு வந்தவரிடம் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து, பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்பினேன். ஒருத்தியாக அவ்வளவு பழம் தின்ன முடியாது.